களவு வழக்கு: தண்டனையை விடப் பெரிது சொஜோர்னோ

பலெர்மோ நீதிமன்றம் எண்டால் உலகத்துக்கு நினைவு வாறது மாபியா வழக்குதான். நான் இருக்கிற சியாகுல்லியின் பெயரும் அதோடுதான் ஒட்டிக்கிடக்கு. 1963 ஜூன் 30 அன்று இங்கே கார்க்குண்டு வெடித்து பொலிஸ், இராணுவத்தைச் சேர்ந்த 7 பேர் இறந்தார்கள். ஆனால் எங்கட சனம் நீதிமன்றப் படியேறுவது வேறு விசயங்களுக்கு. கடையில் எடுத்த சாமான், வேலை செய்யிற வீட்டில் காணாமல்போன சங்கிலி, களவாக இழுத்த கரண்ட்.

மொழி உதவிக்கு எண்டு சில வருசமாக ஆட்களோடு அங்கே போய்வருகிறேன். நீதிபதி தீர்ப்புச் சொல்ல முன்னமே பல வழக்குகள் பாதி முடிந்துவிடுகின்றன. முடித்துவைப்பது, விளங்காமல் நாங்கள் போடுகிற கையெழுத்து.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இத்தாலியத் தண்டனைச் சட்டக்கோவையின் 624ஆம் பிரிவு சாதாரண களவைச் சொல்கிறது: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 154 முதல் 516 யூரோ வரை தண்டம். பூட்டை உடைத்தல் போன்ற ஏதாவது சேர்ந்தால் 625ஆம் பிரிவு வரும். அது 2 முதல் 6 வருடம். அப்படி இரண்டு காரணம் சேர்ந்தால் 3 முதல் 10 வருடம். வீடு புகுந்து எடுத்தாலோ, ஆளிடமிருந்து பறித்தாலோ 2019 திருத்தத்துக்குப் பிறகு 4 முதல் 7 வருடம். ஆக, 20 யூரோச் சாமான்தானே எண்டு நினைக்கக்கூடாது. எவ்வளவு எடுத்தது என்பதைவிட எப்படி எடுத்தது என்பதையே இந்தச் சட்டம் கூடுதலாகப் பார்க்கிறது.

கரண்டும் சட்டப்படி ஒரு பொருள்தான். மீற்றரைச் சுற்றி இழுத்த வயர் வீட்டுக்காரர் போட்டதாக இருக்கலாம். தெரிந்துகொண்டு பாவித்தால் வாடகைக்கு இருப்பவரும் எதிரிதான். வீடு எடுக்கும்போது கொன்ராத்துடன் மீற்றரையும் பாருங்கோ.

அதேநேரம் இந்தச் சட்டத்துக்கு இரக்கமும் இருக்கு. அறுவடை முழுதாக முடியாத தோட்டத்தில் மிச்சம்மீதி பொறுக்குவதற்கு 626ஆம் பிரிவு தனியாக இருக்கு. சியாகுல்லி மண்டரின் தோட்டங்களுக்குள் நடப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேணும். அதற்கு 1 வருடம் வரை சிறை, அல்லது 206 யூரோ வரை தண்டம். 2016இல் உரோமாபுரி உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. ஜெனோவாவில் வீடில்லாத ஒரு வெளிநாட்டவர் சுப்பர்மார்க்கற்றில் 4 யூரோ சொச்சத்துக்குச் சீசும் சொசேஜும் எடுத்திருந்தார். கீழ் நீதிமன்றம் 6 மாதச் சிறையும் 100 யூரோ தண்டமும் விதித்தது. பசிக்கு, அந்த நேரத்துத் தேவைக்குக் கொஞ்சமாக எடுத்தது குற்றமே இல்லை எண்டு உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. இந்தியாவிலும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் களவுக்கு, பொருளையோ பெறுமதியையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை.

சரி, கையும்களவுமாகப் பிடிபட்டால் என்ன நடக்கும்? கைது செய்யப்பட்டவரை 48 மணித்தியாலத்துக்குள் நீதிபதி முன் கொண்டுவந்து, அங்கேயே வழக்கையும் தொடங்கலாம். இருப்பது ஒரு நீதிபதி மட்டும். சட்டத்தரணி இல்லாவிட்டால் அரசு ஒருவரை நியமிக்கும். அவர் இலவசம் எண்டு எங்கட ஆட்கள் நினைக்கினம். இல்லை, அவருக்கும் காசு கட்டவேணும். வருமானம் குறைந்தவர் தனியாக விண்ணப்பித்தால்தான் அரசு கட்டும். மொழிபெயர்ப்பாளர் மட்டும் இலவசம், அது உங்கட உரிமை. பாசை விளங்காமல் தலையாட்டத் தேவையில்லை.

அந்த நேரத்தில்தான் ‘பத்தெஜ்ஜமெந்தோ’ எண்டு ஒன்று காதில் விழும். வழக்கை நடத்தாமல் தண்டனையை ஒத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். 2 வருடத்துக்கு உட்பட்டதெண்டால் பெரும்பாலும் ஒத்திவைத்த சிறைதான், வீட்டுக்குப் போகலாம். “முடிஞ்சுது, விட்டிட்டாங்கள்” எண்டு சந்தோசமாக வெளியே வருவார்கள்.

முடியவில்லை. குடியேற்றச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வீடு புகுந்த களவு, உடைத்துச் செய்த களவு போன்றவற்றில் தண்டிக்கப்பட்டவருக்கு வதிவிட அனுமதியை மறுக்க இடம் கொடுக்கிறது. ஒத்துக்கொண்டு வாங்கிய தண்டனையையும் அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கு. 2022 சீர்திருத்தத்துக்குப் பிறகு அது முன்போல் செல்லாது எண்டு வாதாடலாம். குடும்பம் இங்கே இருக்கு, பல வருசம் வாழ்ந்திட்டன் எண்டும் காட்டலாம். ஆனால் அதெல்லாம் சொஜோர்னோ கையை விட்டுப்போன பிறகு இன்னொரு நீதிமன்றத்தில் செய்யிற வேலை. சாதாரண களவுத் தீர்ப்பே, நன்னடத்தை காட்டி மீளும்வரை, திருமணவழிப் பிரஜாவுரிமையை மறித்துவிடும்.

வேறு வழிகள் இருக்கு. அன்றைக்கே பதில் சொல்லாமல் 5 நாள் வரை தவணை கேட்கலாம். ‘மெஸ்ஸா அல்லா ப்ரோவா’ கேட்கலாம்: சமூக வேலை செய்து ஒழுங்காக முடித்தால் குற்றமே அழிந்துபோகும், ஆனால் வாழ்நாளில் ஒருமுறைதான். சேதம் மிகச் சிறிதெண்டால் தண்டனையே வேண்டாம் எண்டு 131-பிஸ் பிரிவில் கேட்கலாம். முறைப்பாட்டில் தங்கியிருக்கிற வழக்கெண்டால், விசாரணை தொடங்க முன்னம் நட்டத்தை முழுதாகக் கட்டி முடிக்கலாம். கையெழுத்துப் போட முன்னம் சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது என்ர சொஜோர்னோவை என்ன செய்யும்?”

மறுபக்கமும் இருக்கு. களவு கொடுப்பதும் நாங்கள்தான். 2022 டிசம்பர் 30க்குப் பிறகு, பெரும்பாலான களவுகளில் பறிகொடுத்தவர் முறைப்பாடு கொடுத்தால்தான் வழக்கு. அதற்கு 3 மாதம்தான் தவணை. கரபினியேரியிடம் ‘டெனுன்சியா’ மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் போதாது; ஆளைத் தண்டிக்கவேணும் எண்ட ‘குவெரேலா’ அதில் இருக்க வேணும்.

வேலை வீட்டில் பழி விழுந்தால், “மானம் போகுது, காசைக் கட்டி முடிப்பம்” எண்டு எழுதிக்கொடுக்கிற பெண்கள் எங்களிடையே இருக்கினம். செய்யாத களவுக்குக் காசு கட்டினால், பிறகு அதையே ஒப்புதலாகக் காட்டுவார்கள். மானத்துக்குப் பயந்து போடுகிற கையெழுத்துத்தான் கடைசியில் மானத்தையும் சொஜோர்னோவையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இத்தாலியன் எங்களைவிட நல்லாத் தெரியும். அம்மா அப்பாவுக்கு வருகிற நீதிமன்றக் கடிதத்தை லாச்சிக்குள் போட விடாதீங்கோ. வந்த அன்றைக்கே வாசிச்சுச் சொல்லுங்கோ.