தர்பூசணித் தோலும் ஒளிரும் செல்லும்

தர்பூசணித் தோலை 220 டிகிரி செல்சியஸில் கருக்கி, அந்தக் கரியை நீரில் கலக்கி வடிகட்டினார்கள் சீன ஆய்வாளர்கள். புறஊதா விளக்கின் கீழ் அந்த நீர் நீலமாக ஒளிர்ந்தது. 2012-ல் வெளியான அந்த ஆய்வில், ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்களைப் படமெடுக்க அதையே பயன்படுத்தினார்கள்.

செல்லைப் பார்க்க இத்தனை பாடு ஏன்? செல் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. ஒளிரும் பொருள் எதையாவது உள்ளே அனுப்பினால் அதன் பாகங்கள் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். வழக்கமான சாயங்கள் லேசர் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். 2023-ல் வேதியியல் நோபல் பெற்றுத் தந்த குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் நுண்துகள்கள் அவ்வளவு எளிதில் வெளுக்காது. ஆனால் அவற்றில் பலவற்றில் காட்மியம் இருக்கிறது. அது கசிந்தால் செல்லுக்கே நஞ்சு.

தர்பூசணிக் கரிநீரில் ஒளிர்ந்த கார்பன் புள்ளிகளில் அந்த நஞ்சு இல்லை. 2004-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டவை இவை. அளவு பெரும்பாலும் 10 நானோமீட்டருக்குள். பழத்தோலின் சர்க்கரையும் செல்லுலோசும் சூட்டில் நீரை இழந்து, ஒன்றோடொன்று பிணைந்து, நுண்ணிய கரித்துகளாகத் திரள்கின்றன. துகளின் மேலே ஒட்டி நிற்கும் ஆக்சிஜன் தொகுதிகளால் அது நீரில் கலக்கிறது. செல் தன் சவ்வை மடித்து அதை விழுங்கிக்கொள்கிறது. இவற்றைச் செய்ய உதவும் மற்ற கழிவுகளான இறால் ஓட்டிலும் தலைமுடியிலும் இயல்பாகவே நைட்ரஜன் இருப்பது இன்னொரு வசதி. நைட்ரஜன் சேர்ந்தால் ஒளி பெரும்பாலும் கூடும்.

கழிவு அல்ல என்றாலும், ஆரஞ்சுச் சாற்றைச் சொல்லாமல் விட முடியாது. அதை 120 டிகிரியில் சூடாக்கி ரூர்கேலா என்.ஐ.டி.யும் கரக்பூர் ஐ.ஐ.டி.யும் 2012-ல் எடுத்த துகள்கள், உறிஞ்சிய ஒவ்வொரு 100 ஒளித்துகளுக்கும் 26-ஐத் திருப்பித் தந்தன.

சிக்கல் அந்த நீல நிறத்தில்தான். புறஊதா ஒளி பட்டால் செல்லும் தானாகவே மங்கலாக நீலம் காட்டும். எது துகள், எது செல் என்று பிரிப்பது கடினம். நீல ஒளி திசுவுக்குள் ஆழமாகவும் போகாது. சிவப்பில் ஒளிரும் துகள்தான் வேண்டும். தோலை வெறுமனே கருக்கினால் அது எளிதில் கிடைப்பதில்லை. பழத்துக்குப் பழம் சத்து மாறுவதால் ஒளியும் மாறும். இதைவிடப் பெரிய ஆபத்து, சூடாக்கும்போது துணைப்பொருளாக உருவாகும் சிறு மூலக்கூறுகள். அவையும் ஒளிரும். கரைசலைச் சவ்வுப் பையில் இட்டு அவற்றை முழுக்கக் கழுவி நீக்காவிட்டால், துகளின் ஒளி என்று நாம் பார்ப்பது அதன் அழுக்கின் ஒளியாக இருக்கலாம்.

எனவே, ‘குப்பையிலிருந்து ஒளி’ என்று அடுத்த செய்தி வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: துகளை எப்படிச் சுத்தம் செய்தார்கள்? அடுத்த பழத்திலும் அதே ஒளி வந்ததா?