திறமைசார் தொழிலாளர் வதிவிடம்: எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

பிளாட் புஷ், ஒர்மிஸ்ரன் பக்கம் புதிதாகக் குடிவந்த எம்மவர் இருவர் சந்தித்தால், சுகம் விசாரித்த கையோடு வரும் அடுத்த கேள்வி "பி.ஆர். அலுவல் என்ன மாதிரி?" என்பதுதான். கேட்பவரிடமும் ஒரு கதை இருக்கும், பதில் சொல்பவரிடமும் ஒரு கதை இருக்கும். ஆனால் ஒருவரின் கதை மற்றவருக்குப் பொருந்துவது அபூர்வம். பொருந்தாத கதையை நம்பி விண்ணப்பம் போட்டால் பணமும் போகும், காலமும் போகும். ஆகவே, நியூசிலாந்தில் திறமைசார் தொழிலாளராக வதிவிடம் கோருவது பற்றிய அடிப்படை விடயங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

உங்கள் வீட்டில் யார் எந்த வகை?

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சிபாரிசில், ஆண்டு ஒதுக்கீட்டின் கீழ் மாங்கரே நிலையத்துக்கு வந்திறங்கியவர்களுக்கு, வரும்போதே நிரந்தர வதிவிடம் கொடுக்கப்படுகிறது. அவர்கள் புள்ளி எண்ண வேண்டியதில்லை. இங்கு வந்து புகலிடம் கோரி, அகதி என ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் வதிவிடத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அதற்கும் புள்ளிக் கணக்கு இல்லை.

மூன்றாவது வகையினர், வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்த தம்பி, மச்சாள், மருமகன் போன்றோர். இக்கட்டுரை பெரும்பாலும் அவர்களுக்கானது. ஒரே கூரையின் கீழ் இம்மூவகையினரும் இருக்கும் வீடுகள் எம்மிடையே உண்டு. அதனால்தான் ஆலோசனைகள் குழம்பிப் போகின்றன. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புகலிட வழக்கு முடியாத ஒருவர் இடையில் இந்தப் பிரிவுக்குத் தாவிவிடலாம் என எண்ணக்கூடாது. சட்டம் அவருக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. வழக்கறிஞரைக் கேளாமல் ஒரு படிவமும் நிரப்ப வேண்டாம்.

புள்ளிக் கணக்கு

எந்த நாட்டவர் என்று பாராமல் தகைமைக்குப் புள்ளியிடும் முறை இந்நாட்டில் 1991 நவம்பரில் தொடங்கியது. 2003 டிசெம்பரில் அது இன்றைய திறமைசார் குடியேறுவோர் பிரிவாக மாறியது. 2023 ஒக்டோபர் 9 முதல் ஆறு புள்ளி முறை வந்தது.

இதில் எம்மவர் அடிக்கடி பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தொழிற் பதிவு, கல்வித் தகைமை, சம்பளம் ஆகிய மூன்றுக்கும் புள்ளிகள் உண்டு. ஆனால் மூன்றையும் கூட்ட முடியாது. உங்களுக்கு அதிகம் தருவது எதுவோ அந்த ஒன்றை மட்டுமே எடுக்கலாம். அது 3 முதல் 6 வரை தரும். அதன்மேல், இந்நாட்டில் செய்த திறமைசார் வேலைக்கு ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் 3 வரை சேரும். உதாரணமாக, இளமாணிப் பட்டம் 3 புள்ளி. அதனுடன் மூன்று ஆண்டு வேலை சேர்ந்தால் 6. கலாநிதிப் பட்டத்துக்கு மட்டுமே 6. இது 2023இல் வந்த கணக்கு. 2025 செப்டெம்பரில் அரசு, 2026 ஆகஸ்ட் முதல் மாற்றங்கள் வரும் என்றும், நீண்ட அனுபவம் உள்ளோருக்கும் கைத்தொழில் வல்லுநர், தொழினுட்பவியலாளர் ஆகியோருக்கும் இரு புதிய வழிகள் திறக்கப்படும் என்றும் அறிவித்தது. எனவே விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியையே பார்க்க வேண்டும், போன வருடம் நண்பர் போட்ட கணக்கை அல்ல.

புள்ளி மட்டும் போதாது. வயது 55க்கு மேற்படக்கூடாது. அரசிடம் அங்கீகாரம் பெற்ற தொழில் வழங்குநரிடம், வாரம் 30 மணித்தியாலத்துக்குக் குறையாத வேலை இருக்க வேண்டும். சம்பளத்துக்கும் ஒரு அளவு உண்டு. நாட்டின் சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை இடைநிலைச் சம்பளம் என்பர். திறமைசார் தொழிலுக்குக் குறைந்தது அதுவாவது கிடைக்க வேண்டும். விண்ணப்பதாரருக்கு ஆங்கிலச் சோதனையான ஐ.ஈ.எல்.ரி.எஸ்.இல் 6.5 தேவை. துணைவருக்கும் 16 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் 5 போதும். அதுவும் இல்லையெனில் ஆங்கில வகுப்புக்கு முற்பணம் கட்டலாம். 1995இல் இதற்காக ஆளுக்கு 20,000 டொலர் பிணைப்பணம் கேட்ட காலமும் இருந்தது.

முதலில் இணையவழி விருப்பத் தெரிவிப்பு. அழைப்பு வந்தபின் நான்கு மாதத்துக்குள் முழு விண்ணப்பம். 2024 ஒக்டோபரில் விண்ணப்பக் கட்டணம் 6,450 டொலராக உயர்ந்தது. பிள்ளைகளின் வயதையும் கவனியுங்கள். திருமணமாகாத, உங்களில் தங்கியிருக்கும் பிள்ளையை 24 வயது வரைதான் சேர்க்கலாம்.

தொழில் அனுமதி வேறு

1990களில் இந்நாட்டில் பலரும் பேசிய அவலம் ஒன்று உண்டு. வைத்தியப் பட்டத்துக்குப் புள்ளி பெற்று வதிவிடத்துடன் வந்திறங்கிய வெளிநாட்டு வைத்தியர்கள், இங்கு தொழில் செய்யப் பதிவு கிடைக்காமல் ராக்சி ஓட்டினார்கள். குடிவரவுத் திணைக்களம் உள்ளே விட்டது, வைத்திய சபை தொழில் செய்ய விடவில்லை. இரண்டும் இரு வேறு அலுவலகங்கள். 1995இல் விதி மாறி, பதிவு தேவைப்படும் தொழில்களுக்குப் பதிவு இருந்தால்தான் புள்ளி என்றானது.

பாடம் இன்றும் அதேதான். வைத்தியருக்கு வைத்திய சபை, தாதியருக்குத் தாதியர் சபை, ஆசிரியருக்கு ஆசிரியர் சபை, மின்னியலாளருக்கு மின்தொழிலாளர் பதிவுச் சபை. பட்டங்களை மதிப்பிடுவது நியூசிலாந்துத் தகைமைகள் அதிகாரசபை. ஒதுக்கீட்டில் வந்து ஏற்கெனவே வதிவிடம் உள்ளவர்களும் இந்தப் படிகளை ஏறியே ஆக வேண்டும். ஊரில் இருபது வருடம் படிப்பித்த அக்காவுக்கு வதிவிடம் இருந்தாலும், பதிவு இல்லாமல் வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழைய முடியாது.

பெயரும் பத்திரமும்

எமது பெயர்முறை இந்நாட்டு அலுவலர்களுக்குப் பெரிய புதிர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டத்தில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ், சிங்களப் பத்திரங்களுக்கு அத்தாட்சிப்படுத்திய மொழிபெயர்ப்பு வேண்டும். கடந்த பத்து ஆண்டில் பன்னிரண்டு மாதமோ கூடவோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் பொலிஸ் சான்றிதழும் தேவை.

1995 இடப்பெயர்விலும் 2009 வன்னியிலும் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் எம்மில் ஏராளம். பிறப்புப் பதிவின் பிரதியைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும், சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். ஆனால் அகதி நிலை பெற்றவர்களும் கோரியிருப்பவர்களும், இலங்கை அரச அலுவலகத்தையோ தூதரகத்தையோ அணுகுமுன் தமது வழக்கறிஞரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? யாருக்குக் காசு கொடுப்பது?

2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாகச் செய்வது குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு இலட்சம் டொலர் வரை தண்டம். அனுமதி பெற்றவர்களின் பெயர்ப்பட்டியல் குடிவரவு ஆலோசகர் அதிகாரசபையின் இணையத்தளத்தில் உண்டு. வழக்கறிஞர்களுக்கும், சமூகச் சட்ட நிலையங்களுக்கும், குடிமக்கள் ஆலோசனைப் பணியகத்துக்கும் இந்த அனுமதி தேவையில்லை. பின்னிரண்டும் இலவசம். கோயிலில் சந்தித்த "எல்லாம் தெரிந்த அண்ணர்" படிவத்தில் பொய் எழுதினாலும், கீழே கையெழுத்து உங்களுடையது.

வேலைக்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவதும் இந்நாட்டில் சட்டவிரோதம். சம்பளத்தைக் கணக்கில் போட்டுவிட்டுப் பாதியைக் கையில் திருப்பிக் கேட்பதும் அப்படியே. விசா போய்விடும் என்ற பயத்தில் வாய்மூடி இருக்க வேண்டாம். சுரண்டலுக்கு உள்ளானவர் அந்த வேலையை விட்டு விலகுவதற்காகவே 2021 யூலையில் ஆறு மாதப் பாதுகாப்பு விசா ஒன்று கொண்டுவரப்பட்டது.

கிடைத்த பின்பு

வதிவிட விசா வேறு, நிரந்தர வதிவிட விசா வேறு. முதலாவதில் பயண அனுமதி வழமையாக இரண்டு ஆண்டுக்கே உண்டு. அது முடிந்தபின் ஊரில் ஒரு செத்தவீடு என்று அவசரமாக விமானம் ஏறினால், வதிவிடமே காலாவதியாகிவிடும். இரண்டு ஆண்டிலும் ஒவ்வொன்றிலும் 184 நாட்கள் இங்கு தங்கியிருந்தால் நிரந்தர வதிவிடம் கோருவது எளிது. குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு வேண்டும். ஆனால் வாக்களிக்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வதிவிடம் உள்ளவர் பதினெட்டு வயதைத் தாண்டி, ஓராண்டு தொடர்ந்து இங்கு வாழ்ந்திருந்தால் வாக்காளராகப் பதியலாம்.

இந்தச் சனி ஞாயிறில் வீட்டிலுள்ள பத்திரங்களை எல்லாம் மேசையில் பரப்பி, பெயர்களையும் திகதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையை நீங்களே முதலில் கண்டுபிடித்தால் திருத்த நேரம் இருக்கும். அழைப்பு வந்தபின் கையில் இருப்பது நான்கு மாதம் மட்டுமே.