முதுகு வலிக்கு ஆபரேஷன் தான் வழியா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் சில மாதங்கள் இருக்கையை விட்டு எழ மனம் வராது. எனக்கோ வேலையே சாப்ட்வேர். அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம், வீட்டில் மேலும் மூன்று மணி நேரம். கீழ் முதுகில் தொடங்கிய வலி நான்கு மாதங்களாகியும் போகவில்லை. 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதனை நாட்பட்ட வலி என்கின்றனர்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தேன். டிஸ்க் பிதுங்கி இருப்பதாக அறிக்கை வந்தது. (டிஸ்க் என்றால் எனக்குத் தெரிந்தது ஹார்ட் டிஸ்க் மட்டும் தான்.) முதலில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் என்றார். வீட்டில் பணம் புரட்டத் தொடங்கிவிட்டனர். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, என்னை நடக்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்த்தார். "இதற்கு ஆபரேஷன் வேண்டாம் தம்பி" என்றார்.

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து பாருங்கள். விண்டோஸ் லாக்ஸ் பிரிவில் சிஸ்டம் என்பதைக் கிளிக் செய்தால், நன்றாக இயங்கும் கம்ப்யூட்டரிலும் சிவப்பு, மஞ்சள் குறிகளுடன் பிழைச் செய்திகள் இருக்கும். இவற்றைக் காட்டிப் பயமுறுத்தியே போனில் பணம் பறிப்பவர்கள் உண்டு. ஸ்கேனும் ஏறக்குறைய இப்படித்தான். 1994ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கி இருந்தது! எனவே படத்தில் தெரிவது தான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவு செய்ய முடியாது.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுதல், தொடை இடுக்கில் மரத்துப் போதல், கால் பலம் குறைந்து கொண்டே போதல் ஆகியவை இருந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்காமல் மருத்துவமனை செல்லுங்கள். காய்ச்சலோ, காரணமற்ற எடைக் குறைவோ, கீழே விழுந்த பின் வந்த வலியோ என்றாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

வேறு நோய் எதுவும் காரணமாக இல்லாத நாட்பட்ட முதுகு வலிக்கு, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, மசாஜ், வலி பற்றிய பயத்தைக் குறைக்கும் மனநல ஆலோசனை, இபுபுரூபன் வகை மாத்திரைகள் ஆகியவை அதில் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் நாட்கணக்கில் விழுங்க வேண்டாம். இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுத்தல், அபின் வகை வலி மருந்துகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாக அந்த நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. இதைப் படித்தபோது நான் ஆசையாக வாங்கிய பெல்ட்டை இடுப்பில் கட்டியிருந்தேன்.

எனக்குப் பலன் தந்தது பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தந்த எளிய பயிற்சிகளும் நடையும் தான். முதல் வாரம் பத்து நிமிடம் நடப்பதே மலையேறுவது போல இருந்தது. நடந்தால் டிஸ்க் இன்னும் பிதுங்கிவிடுமோ என்ற பயம் வேறு. வலியை விட அந்தப் பயம் தான் என்னை அதிகம் படுக்க வைத்தது. மூன்றாவது மாதம் 40 நிமிடம் நடந்தேன். 2024ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், முதுகு வலி குணமான 701 பேரில் ஒரு பிரிவினருக்குப் படிப்படியாக நடைப் பயிற்சி தரப்பட்டது. வலி திரும்பி வர அவர்களுக்கு நடுத்தரமாக 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்கள்.

விலை உயர்ந்த நாற்காலி வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கின்றனர். வாங்கலாம், அதிலிருந்து அடிக்கடி எழுந்தால்! விண்டோஸில் உள்ள கிளாக் புரோகிராமில் டைமர் பகுதியைத் திறந்து 30 நிமிடம் என அமைத்துக் கொள்ளுங்கள். மணி அடித்ததும் எழுந்து சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நான் முதல் பத்து நாட்கள் மணியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்பீக்கரை அடுத்த அறையில் கொண்டு போய் வைத்துவிட்டேன்.