கல்லிடைக்குறிச்சி நடராஜரைக் காட்டிக்கொடுத்த புகைப்படம்

1964-இல் ஜூல்ஸ் டாஸின் எடுத்த 'டாப்காப்பி' படத்தில், இஸ்தான்புல் அருங்காட்சியகத்தின் கூரையிலிருந்து ஒருவன் கயிற்றில் தலைகீழாக இறங்குகிறான். தரையில் கால் பட்டால் அபாய மணி அடித்துவிடும். அதனால் அந்தரத்தில் தொங்கியபடியே மரகதம் பதித்த குத்துவாளை எடுக்கிறான். 1996-இல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்' வரை எத்தனையோ படங்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் இறங்கின. இத்தகைய படங்களில் சாமர்த்தியம் முழுவதும் பொருளை எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்ததும் கதை முடிந்துவிடும்.

நம் ஊர்க் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் ரயில் பாதையில் அம்பாசமுத்திரத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். அங்குள்ள குலசேகரமுடையார் உடனுறை அறம்வளர்த்தநாயகி அம்மன் கோயிலில் 1982 ஜூலையில் நான்கு உலோகத் திருமேனிகள் களவு போயின: நடராஜர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலி நாயகர். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. துப்புத் துலங்கவில்லை என்று 1984-இல் கோப்பை மூடிவிட்டார்கள். 2001-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் ஒரு நடராஜரை விலைக்கு வாங்கியது. கல்லிடைக்குறிச்சியில் பூசை பெற்ற அதே நடராஜர்.

திரைப்படத்தில் அருங்காட்சியகத்திலிருந்து பொருள் வெளியே போகிறது. இங்கே களவுபோன பொருள் அருங்காட்சியகத்துக்கு உள்ளே போயிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் சிலைக் கடத்தல் எப்படி நடக்கிறது என்பது விளங்கிவிடும். ஒரு கால பூசைக்கே திணறும் கிராமக் கோயிலில் பூட்டை உடைக்கப் பெரிய திறமை வேண்டாம். கடினமான வேலை, எடுத்த சிலைக்கு ஒரு பிறப்புச் சான்று தயாரிப்பதுதான்.

இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972-இல் வந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் எவரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே கடத்துபவருக்கு இரண்டு பொய்கள் தேவைப்படுகின்றன. துறைமுகத்தில், இது நேற்று வார்த்த கைவினைப் பொருள் என்ற பொய். வெளிநாட்டுக் கடையில், இது பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவிலிருந்து வந்துவிட்டது என்ற பொய். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜருக்கு இரண்டும் நடந்தன. சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970-இல் டில்லியில் வாங்கியதாகப் போலித் தாள்கள் எழுதப்பட்டன. அவற்றை நம்பி, கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்தது. விற்ற நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதானார். நடராஜர் 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் மற்றொரு சிலைத் திருட்டு வழக்கில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

தாளில் எழுதிய பொய்யை உடைப்பது எப்படி? அதற்கான விடை, சிலை பிறக்கும் முறையிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டு உலோகத் திருமேனிகள் மெழுகு அச்சில் வார்க்கப்படுபவை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்யும் வேலை அது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருக்கி, அந்தக் கலவையில் முதலில் முழு உருவத்தையும் செய்கிறார்கள். அதன்மேல் நைசான காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். காய்ந்தபின் கனமான மண்பூச்சு, அதைச் சுற்றி இரும்புக் கம்பிக் கட்டு. சூடுபடுத்தினால் மெழுகு உருகி வடிந்துவிடும். உள்ளே வெற்றிடம் நிற்கும். அதில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்தெடுக்கிறார்கள். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. அதே அச்சில் இன்னொரு சிலையை வார்க்க வழியே கிடையாது. ஒரே ஸ்தபதி ஒரே அளவில் ஒரே தியான சுலோகத்தை வைத்து இரண்டு நடராஜரைச் செய்தாலும், விரல் வளைவிலும் சடையின் விரிப்பிலும் பீடத்து இதழ்களிலும் வேறுபாடு நின்றுவிடும்.

வார்ப்பின்போது விழுந்த சிறு குழி, பின்னால் ஒட்டுப்போட்ட இடம், திருவாசியில் முறிந்த ஒரு சுடர், நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் செய்து மழுங்கிய மூக்கு என்று ஒவ்வொரு திருமேனிக்கும் அங்க அடையாளங்கள் உண்டு. களவு போவதற்கு முன் எடுத்த தெளிவான படம் ஒன்று இருந்தால் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அடையாளமாகச் சரிபார்க்கலாம்.

அந்தப் படம் புதுச்சேரியில் இருந்தது. 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றிவந்து சிலைகளையும் கட்டடங்களையும் படமெடுத்து வைத்தது. இன்று அதன் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சி நடராஜரை அவர்கள் படமெடுத்தது 1958-இல். திருட்டு நடக்கும் என்று எண்ணி எடுத்ததல்ல. கலை வரலாற்று ஆய்வுக்காக எடுத்தது. அந்த நிறுவனத்தாருக்குத் தமிழ்நாடு பட்டிருக்கும் கடன் சிறிதல்ல. அறுபது ஆண்டு கழித்து அந்தப் படம்தான் அடிலெய்டு சிலையின் பொய்யான பூர்வீகத்தை உடைத்தது. இந்தியா பிரைட் ப்ராஜெக்ட் என்ற ஆர்வலர் குழுவும், தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவும் பின்தொடர்ந்தன. அந்தப் பிரிவு தொடங்கப்பட்டது 1983-இல், இந்தத் திருட்டுக்கு மறு ஆண்டு.

புகைப்படம் மட்டுமே சாட்சி என்று நினைக்க வேண்டாம். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976-இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராஜர் லண்டன் போய்ச் சேர்ந்தபோது, சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் நீதிமன்றத்தில் பேசின. அதே இடத்தில் கிடைத்த பிற பொருள்களோடு அவற்றை ஒப்பிட்டுத்தான் வழக்கு வென்றது. 1991-இல் அவர் இந்தியா திரும்பினார்.

சிவபுரத்தில் நடந்தது சினிமாவையே மிஞ்சியது. பழுதுபார்க்க என்று 1950-களில் வெளியே போன நடராஜருக்குப் பதிலாகக் கோயிலுக்கு வந்தது புதிதாக வார்த்த நகல். ஊர் மக்கள் அதற்கே பூசை செய்துவந்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் பார்த்துச் சொன்ன பிறகே விஷயம் வெளியே தெரிந்தது. அசலை 1973-இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியிருந்தது. அது 1986-இல்தான் திரும்பியது. நகல் செய்ய முடியாது என்று மேலே சொன்னதற்கு இது மறுப்பாகாது. பாரெட்டின் கண்ணில் பட்டது இரண்டு வார்ப்புகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடுதான்.

குற்றாலத்துச் சித்திரசபையில் நடராஜர் சுவரோவியமாக இருக்கிறார். ஐந்து சபைகளில் அது ஒன்று. அருவியில் குளித்துவிட்டுப் போகும் கூட்டத்தில் பலர் அந்த மண்டபத்தை எட்டிப் பார்ப்பதில்லை; பார்க்க வேண்டும். சுவரில் இருப்பவரைத் தூக்கிப்போவது சுலபமல்ல. செப்புத் திருமேனியோ வீதியுலாவுக்காக வார்த்தது. கோயிலுக்கு வர முடியாதவர்களைத் தேடி இறைவன் தெருவுக்கு வருவதற்காகவே பீடத்தில் கழி செருகத் துளைகள் விட்டிருக்கிறார்கள். தூக்கிச் செல்வதற்கு ஏற்ற அந்த அமைப்புத்தான் திருடனுக்கும் வசதியாகிவிட்டது.

2019 செப்டம்பரில் நடராஜர் டில்லி வந்து, ரயிலில் சென்னை வந்து, 37 ஆண்டுக்குப் பின் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பினார். ஊரே திரண்டு வரவேற்றது. அவரோடு களவுபோன மற்ற மூவரும் அன்று உடன் வரவில்லை.

களவுபோன கலைப்பொருளைத் தேடுவதற்காக 1997-இல் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற உலகப் பொதுப் படிவம் ஒன்று அறிமுகமானது. பொருளின் வகை, உலோகம், அளவு, எழுத்துப் பொறிப்பு, தனி அடையாளங்கள் ஆகியவற்றோடு புகைப்படங்களையும் அது கேட்கிறது. இதை நிரப்ப நிபுணர் வர வேண்டியதில்லை. தென்காசி, கடையம், ஆழ்வார்குறிச்சி வட்டாரத்துச் சிறு கோயில்களில், திருவிழாவுக்கு முன் திருமேனிகளை வெளியே எடுத்துத் துலக்கும் நாளில் இந்த வேலையை முடித்துவிடலாம். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, முன்னும் பின்னும் இரு பக்கமும், பீடத்தின் அடிப்புறமும் கைப்பேசியில் எடுக்க வேண்டும். அலங்காரம் செய்த பின் எடுத்த படம் உதவாது. பட்டும் மாலையும் அடையாளங்களை மறைத்துவிடும். ஒரு பிரதி கோயிலிலும், இன்னொன்று ஊருக்கு வெளியே பாதுகாப்பான ஓரிடத்திலும் இருக்கட்டும்.