சினை நாய்க்கு நாள் நெருங்கிவிட்டதா?

வாசுதேவநல்லூர்ப் பக்கம் நாய் இல்லாத தோட்டம் அரிது. மலையடிவாரத்தில் தென்னையும் எலுமிச்சையும் வைத்திருப்பவர்களுக்கு, இரவில் இறங்கும் காட்டுப்பன்றியைக் குரைத்து விரட்ட ஒரு நாயாவது வேண்டும். வடக்கே போனால் ராஜபாளையம். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளை நாயும், சிப்பிப்பாறையும், கன்னியும் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இந்த நாட்டு நாய்களின் பெயரைச் சொல்லி, வளர்க்க நாய் தேடுவோர் நம் இனங்களை வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வளர்க்கத் தெரிந்த ஊர்கள்தாம் இவை. ஆனால் வீட்டு நாய் முதன்முறை சினையானதும் அனுபவசாலிகளே தடுமாறுகிறார்கள். காரணம், எல்லோருக்கும் கைவந்தது மாட்டுக் கணக்கு. மடி இறங்கியதா, காம்பில் பால் தட்டுகிறதா என்று பார்த்துக் கன்று போடும் நாளைச் சொல்லிவிடுவார்கள். நாய்க்கு அந்தக் கணக்கு செல்லாது.

பால் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். சில நாய்களுக்குக் குட்டி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே பால் சுரந்துவிடும். சிலவற்றுக்கு அன்றைக்குத்தான் சுரக்கும். முதல் ஈற்று நாய்களில் குட்டி வெளியே வந்த பிறகு பால் இறங்குவதும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. இணை சேராத பெட்டை நாய்க்குக்கூட, பருவம் முடிந்து இரண்டு மாதம் போல ஆனதும் மடி பெருத்துப் பால் வரலாம். மூலையைப் பறிக்கும், துணியைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதன் மேல் படுக்கும். பொய்ச்சினை என்று இதைச் சொல்வார்கள். ஆகவே பாலை மட்டும் நம்பி இரவெல்லாம் விழித்திருப்பதும், பால் இல்லையே என்று அசட்டையாக இருப்பதும் ஒன்றுபோலத் தவறு.

நாள் கணக்குதான் அடிப்படை. கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ணினால் நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆனால் அந்த நாள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இணை சேர்ந்த நாள்தான் தெரியும். ஆண் நாயின் விந்து பெட்டையின் உடலில் சில நாள்கள் உயிரோடு காத்திருக்கக்கூடியது. அதனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணும்போது 57ஆம் நாளிலும் குட்டி போடலாம், 72 வரைக்கும் தள்ளலாம். பெட்டை பல நாள்கள் ஆண் நாயை ஏற்றுக்கொள்ளும் என்பதால் முதல் நாளையும் கடைசி நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். 55 நாள் தாண்டியபின் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். வசதி இருந்தால் எடுத்துவிடுவது நல்லது. ஐந்து குட்டி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, நான்கோடு நின்றால் கவலைப்பட வேண்டும் என்பதும் தெரியும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒட்டிய வயிற்று நாய்களில் வெளியே பார்த்து எண்ணிக்கை சொல்வது யாராலும் ஆகாது.

அவிழ்த்துவிட்டுத் திரிந்த நாய்க்கு எந்தத் தேதியும் இருக்காது. அங்கே உதவுவது தெர்மாமீட்டர். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். நாயின் இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். சினையைக் காத்து நிற்கும் புரொஜெஸ்ட்ரோன் என்ற சுரப்பு, பிரசவத்துக்கு முந்தைய நாளில் திடீரென்று இறங்கும். அதோடு உடல்சூடும் இறங்கி 100க்குக் கீழே, பல நாய்களில் 99க்கும் கீழே போகும். இறங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பிரசவம் தொடங்கிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் வைத்து, கடைசி வாரத்தில் காலை, மதியம், இரவு என்று பார்த்து எழுதி வையுங்கள். ஒரு தடவை மட்டும் பார்த்தால் பயனில்லை. இறக்கம் சில மணி நேரமே நீடித்துப் பிறகு சூடு மறுபடி ஏறிவிடும் என்பதால், தொடர்ந்து பார்த்தவருக்குத்தான் அது பிடிபடும். எல்லா நாயிலும் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதைவிட நம்பகமானது வேறில்லை.

கூடவே மற்ற அடையாளங்களும் சேரும். கடைசி நாள்களில் வயிறு கீழே தொங்கி, இடுப்பெலும்பின் இரு பக்கமும் குழி விழும். பிறப்புறுப்பு வீங்கி மெத்தென்று ஆகும். நிறமில்லாத கோழை போன்ற திரவம் கசியும். வழக்கமாகத் தட்டை நக்கித் துடைக்கும் நாய் முந்தின நாளோ அன்றைக்கோ சோற்றை மோந்துவிட்டு விலகும். சில வாந்தி எடுக்கும். பிறகு இடம் தேடத் தொடங்கும். வைக்கோல் படப்பின் அடியில் பறிக்கும், தொழுவின் மூலைக்குப் போகும், மோட்டார் ரூமுக்குள் நுழையும். அது தேடும் முன்பே நாம் இடம் கொடுத்துவிட வேண்டும். பத்து நாளுக்கு முன்பே, ஆள் நடமாட்டம் குறைந்த, ஈரம் ஏறாத மூலையில் சாக்கு விரித்து அதன் மேல் துவைத்த பழைய வேட்டியைப் போட்டுப் பழக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது இன்னும் முக்கியம். பிறந்த குட்டியால் தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது; நனைந்த குட்டி விறைத்துப் பால் குடிக்காமல் போய்விடும்.

பிரசவத்தின் முதல் கட்டம் வெளியே பெரிதாகத் தெரியாது. கருப்பை சுருங்கத் தொடங்கியிருக்கும். நாய் நிலைகொள்ளாமல் எழுந்து படுக்கும், நடுங்கும், வாயைத் திறந்து இரைக்கும், அடிக்கடி பின்பக்கத்தைத் திரும்பிப் பார்க்கும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் இப்படிப் போகலாம், முதல் ஈற்றில் ஒரு நாள்கூட ஆகலாம். சித்திரை வெயிலில் எந்த நாயும் இரைக்கும் என்பதால் இரைப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இந்த நேரத்தில் தெருப்பிள்ளைகள் கூடி வேடிக்கை பார்த்தால் பிரசவமே தள்ளிப்போகும். பழகிய ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும்.

வயிறு இறுகி முக்க ஆரம்பித்ததும் இரண்டாம் கட்டம். இங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் குட்டி வரவில்லை என்றால் உதவி வேண்டும். விட்டுவிட்டு மெல்ல முக்கினால் இரண்டு மணி நேரம் பொறுக்கலாம், அதற்கு மேல் கூடாது. அடுத்தடுத்த குட்டிகள் அரை மணி, ஒரு மணி இடைவெளியில் வரும். நடுவில் தாய் அமைதியாகப் படுத்து இளைப்பாறுவதும் இயல்புதான். ஆனால் உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். பின்னங்கால் முதலில் வந்தால் பதற வேண்டாம். பத்தில் நான்கு குட்டி போல அப்படித்தான் பிறக்கின்றன.

பச்சை நிறத்தை மட்டும் மறக்கக் கூடாது. முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சைத் திரவம் ஒழுகினால் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டது, உள்ளே இருக்கும் குட்டிக்குப் பிராணவாயு குறைகிறது என்று அர்த்தம். உடனே கிளம்ப வேண்டிய நிலை இது. ஒரு குட்டி வந்த பிறகு அதே பச்சை வருவது இயல்பு. சூடு இறங்கி ஒரு நாள் முழுக்க ஆகியும் முக்கல் இல்லாமல் இருப்பது, சிவந்த ரத்தம் கொட்டுவது, நாற்றமடிக்கும் திரவம், தாய் துவண்டு விழுவது ஆகியவையும் ஆபத்துதான். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களில் குட்டியின் தலை பெரிது, வழி குறுகல். அவற்றுக்குச் சிசேரியன் தேவைப்படுவது சாதாரணம் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை வரை போகும் நிலை வந்தால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வழியாக அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். அதனால்தான் அடையாளங்களை முன்பே அறிந்திருப்பது இங்கே இவ்வளவு அவசியமாகிறது. இரவில் யார் எடுப்பார்கள், வண்டிக்கு என்ன வழி என்று 55ஆம் நாளிலேயே உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் கேட்டு வையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான எண் 1962. அவர்கள் வரும் நேரத்தையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரசவம் தாமதமாகிறது என்று யாராவது ஊசி போட முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், குட்டி குறுக்கே மாட்டியிருக்கும்போது போடப்பட்டால் கருப்பையையே கிழித்துவிடக்கூடும். நாயைப் பரிசோதித்த மருத்துவர் மட்டுமே போட வேண்டிய மருந்து அது. குட்டி பாதி வெளியே தெரிந்தாலும் காலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிறந்த குட்டியின் பனிக்குடத்தைத் தாய் கிழிக்காவிட்டால் நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த துணியால் முதுகைத் தேய்த்துவிடுங்கள். பசு நஞ்சைத் தின்னாமல் காவல் இருப்பவர்கள் நாயிடமும் அப்படியே போராட வேண்டியதில்லை. ஒன்றிரண்டைத் தின்றால் கெடுதல் இல்லை, நிறையத் தின்றால் கழிச்சல் வரும். நஞ்சுகளை எண்ணி வைத்தால் எதுவும் உள்ளே தங்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாகக் கால்சியம். குட்டி திடமாகப் பிறக்கட்டும் என்று சினைக்காலத்திலேயே கால்சியம் டானிக் ஊற்றுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் விளைவு எதிர்மாறானது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடல் குறைத்துக்கொள்ளும். பிறகு பால் கொடுக்கும் நாள்களில் ரத்தத்தில் தட்டுப்பாடு வரும். குட்டி போட்டு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தாய் நடுங்கி, கால் விறைத்து, தள்ளாடி நடந்தால் அது இந்தக் கால்சியத் தட்டுப்பாடாக இருக்கலாம். உடம்பு சிறிதான நாய்களில்தான் அதிகம். குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு அந்த மணியிலேயே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ரத்தக்குழாய் வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் அன்றைக்கே எழுந்து நின்றுவிடும்.