சிகரெட் பெட்டி நகலாக்கம்

சிகரெட் பெட்டி நகலாக்கம் என்பது, விற்பனையிலிருந்து மறைந்துவிட்ட பழைய சிகரெட் பெட்டிகளின் தோற்றத்தை அவற்றின் தாள், அச்சு, மடிப்பு ஆகியவற்றுடன் மீண்டும் உருவாக்கும் பணி ஆகும். இவ்வாறு செய்யப்படும் பெட்டிகளில் பொதுவாகப் புகையிலை இருப்பதில்லை. சேகரிப்பாளர்கள், நாடகக் குழுவினர், திரைப்படக் கலை இயக்குநர்கள், குறிப்பிட்ட திரைப்படம் அல்லது தொலைக்காட்சித் தொடரின் விரும்பிகள் ஆகியோர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். அசலுடன் எவ்வளவு நெருங்கி அமைகின்றதோ, அந்த அளவுக்கு நகல் மதிக்கப்படுகின்றது. ஆனால் அதே நெருக்கத்தால் அது போலியாக விற்கப்படும் வாய்ப்பும் கூடுகின்றது. இத்துறையின் நுட்பங்களும் சிக்கல்களும் பெரும்பாலும் இந்த முரணில் இருந்தே தோன்றுகின்றன.

தோற்றமும் தேவையும்

சிகரெட் பெட்டி பயன்படுத்தியவுடன் எறியப்படும் பொருள். கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டவையாயினும், நல்ல நிலையில் எஞ்சிய பழைய பெட்டிகள் மிகக் குறைவு. இந்தியாவில் வில்சு நிறுவனத்தின் சிசர்சு, ஐதராபாத்தின் வசீர் சுல்தான் புகையிலை நிறுவனம் விற்ற சார்மினார் போன்ற பெயர்கள் பல தலைமுறைகளுக்குத் தெரிந்தவை. 1910 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இம்பீரியல் புகையிலை நிறுவனமே இன்றைய ஐ.டி.சி. ஆகும்.

திரைத்துறையில் நகல்களின் தேவை வேறு வகையானது. கதை நடக்கும் காலத்துக்குப் பொருந்தும் பெட்டி வேண்டும்; ஆனால் உண்மையான வணிகப்பெயரைக் காட்டக்கூடாது. இதனால் கற்பனைப் பெயர்கள் உருவாயின. 1960 ஆம் ஆண்டில் வெளியான சைக்கோ திரைப்படத்திலும், 1993 இல் தொடங்கிய எக்சு-பைல்சு தொடரிலும் காணப்படும் மோர்லி, 1994 இல் வெளியான பல்ப் பிக்சன் திரைப்படத்தில் வரும் ரெட் ஆப்பிள் ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள். எக்காலத்திலும் கடையில் விற்கப்படாத இப்பெட்டிகளையும் விரும்பிகள் நகலெடுத்துச் சேகரிக்கின்றனர்.

பெட்டியின் வகைகள்

நகல் செய்பவர் முதலில் அறிய வேண்டியது பெட்டியின் வகையை ஆகும். பழைய பெட்டிகள் பெரும்பாலும் பின்வரும் நான்கு வகைகளுள் அடங்கும்.

மென்பெட்டி: மெல்லிய தாளைக் குவளை போல மடித்து ஒட்டி, உள்ளே ஈயத்தாள் எனப் பேச்சுவழக்கில் குறிப்பிடப்படும் பளபளப்பான தாளை வைத்துச் செய்யப்படுவது.

உறையும் தட்டும்: தீப்பெட்டியைப் போல, வெளி உறைக்குள் நழுவும் உள்தட்டைக் கொண்டது. பத்துச் சிகரெட்டுகள் கொண்ட பழைய பெட்டிகளில் இவ்வமைப்பு பரவலாக இருந்தது.

மூடிப் பெட்டி: மேற்பகுதி பின்புறமாகத் திறக்கும் அட்டைப்பெட்டி. இது 1950-களின் நடுப்பகுதியில் இருந்து உலகெங்கும் பரவியது.

தகரப் பெட்டி: ஐம்பது சிகரெட்டுகளை அடக்கிய உருளை வடிவத் தகரக் குவளைகள் இவ்வகையின.

வகை தவறினால் அச்சு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை. 1940-களின் பெயரை மூடிப் பெட்டியில் அச்சிட்டால், காலம் பொருந்தாததைச் சேகரிப்பாளர் உடனே கண்டுகொள்வார். அளவும் இதைப் போன்றதே. வடிகட்டியற்ற பழைய சிகரெட் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் நீளமும், பின்னர் பரவிய நீளச் சிகரெட் ஏறத்தாழ 84 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை. பெட்டியின் உயரம் அதற்கேற்ப மாறும்.

செய்முறை

முதலில் கிழிந்த அல்லது மதிப்புக் குறைந்த அசல் பெட்டி ஒன்றின் ஒட்டுகளை நீராவியில் இளக்கி, அதனைத் தட்டையாக விரிக்கின்றனர். வெட்டும் கோடுகளும் மடிக்கும் கோடுகளும் அளந்து வரையப்படுகின்றன. இதுவே வார்ப்பட வரைபடம்.

அடுத்து, விரித்த தாள் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அல்லது அதற்கு மேற்பட்ட நுணுக்கத்தில் வருடியால் படமாக்கப்படுகின்றது. இப்படத்தை அப்படியே அச்சிட்டால் நல்ல நகல் கிடைப்பதில்லை. அசலின் அச்சுப்புள்ளிகளும் புதிய அச்சின் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அலை போன்ற கோலங்களைத் தோற்றுவிக்கும். எனவே, எழுத்துக்களும் உருவங்களும் கணினியில் கோட்டுருவங்களாக மீண்டும் வரையப்படுகின்றன. வெளிறிய நிறங்களைத் தீர்மானிக்க, ஒளி படாத உள்மடிப்புப் பகுதியின் நிறத்தை அளவுகோலாகக் கொள்வர்.

பின்னர் பொருத்தமான தாளில் அச்சிட்டு, வெட்டி, மடிப்புக் கோடுகளை மழுங்கிய முனையால் அழுத்தி, மடித்து ஒட்டுகின்றனர். மூடிப் பெட்டிக்குச் சதுர மீட்டருக்கு 220 முதல் 250 கிராம் வரை எடையுள்ள அட்டை ஏற்றது. பழமைத் தோற்றத்துக்காகத் தேநீர்ச் சாயம் தோய்ப்பதும், ஓரங்களைத் தேய்ப்பதும் உண்டு.

காலத்தைக் காட்டும் அடையாளங்கள்

ஒரு பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள சிறு விவரங்கள் அதன் காலத்தைக் காட்டுகின்றன. நகல் செய்பவர் இவற்றைப் பிழையின்றி அமைக்க முயல்கின்றார். போலியைக் கண்டறிபவர் தேடுவதும் இவற்றையே.

நாணயம்: இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அணாவில் விலை குறிக்கப்பட்ட பெட்டி பொதுவாக அதற்கு முந்தியது.

இடப்பெயர்: சென்னை மாநிலம் 1969 சனவரி 14 அன்று தமிழ்நாடு எனப் பெயர் மாற்றம் பெற்றது. தென்முனைப் பகுதிகளில் கூடுதல் கவனம் தேவை. எடுத்துக்காட்டாக, மண்டைக்காடு அமைந்துள்ள கல்குளம் வட்டம் 1949 வரை திருவிதாங்கூர் அரசிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவிதாங்கூருக்கு 28 சக்கரம் ஒரு ரூபாய் என்னும் தனி நாணய முறையும் இருந்தது. ஆகவே, 1940-களைச் சேர்ந்ததாகக் கூறப்படும் உறையொன்றில் "கன்னியாகுமரி மாவட்டம்" என்று அச்சிடப்பட்டிருந்தால், அது அக்காலத்தது அன்று.

அஞ்சல் குறியீடு: ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகத்து 15 முதல் நடைமுறைக்கு வந்தது.

எச்சரிக்கை வாசகம்: 1975 ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டிகளில் எழுத்து வடிவ எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. பட எச்சரிக்கை 2009 மே 31 முதலும், முன்புறம், பின்புறம் ஆகிய இரண்டிலும் 85 விழுக்காட்டுப் பரப்பை மூடும் பட எச்சரிக்கை 2016 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன.

தமிழ் எழுத்து வடிவங்கள்: தமிழில் அச்சிடப்பட்ட பீடிக்கட்டு உறைகள், தீப்பெட்டிச் சீட்டுகள் ஆகியவற்றை நகலெடுப்போர் பெரிதும் தவறுவது இதில்தான். 1978 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துக்கள் வேறு வடிவில் அச்சிடப்பட்டன. "விலை", "அணா" ஆகிய இரண்டு சொற்களிலுமே இத்தகைய எழுத்து வருகின்றது. இன்றைய கணினி எழுத்துருக்கள் பொதுவாகப் புதிய வடிவங்களையே காட்டுவதால், அவற்றைக் கொண்டு செய்த நகலில் விலையைக் குறிக்கும் வரியே காலப்பிழையாகிவிடுகின்றது. பழைய வடிவங்களைக் கையால் வரைந்து சேர்ப்பதே வழி.

அச்சும் தாளும்: பழைய கல்லச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகப் பதிக்கப்பட்டது. சிவகாசியில் 1923 இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியபின், அதற்கான படச்சீட்டுகளின் தேவையே அவ்வூரின் அச்சுத்தொழில் வளரவும் காரணமாயிற்று. அண்மைக்கால நகல்களை உருப்பெருக்கியில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகள் பூ வடிவில் சூழ்ந்திருப்பது தெரியும். மேலும், தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருட்கள் 1950-களுக்குப் பின்னரே பரவலாயின. புற ஊதா விளக்கின் கீழ் நீல வெண்மையாக ஒளிரும் தாள், அதற்கு முற்பட்ட காலத்தது ஆகாது.

நகலும் போலியும்

நகலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை. அது எவ்வாறு அறிவிக்கப்படுகின்றது என்பதில் உள்ளது. இன்று நகல் என்று கூறி விற்கப்படும் பெட்டி, இருமுறை கைமாறியபின் மூன்றாவது உரிமையாளரிடம் அசலாகச் சேரக்கூடும்.

சிகரெட் பெட்டிகளுள் வைக்கப்பட்ட பட அட்டைகளின் வரலாறு இதனை விளக்குகின்றது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலை நிறுவனம் வெளியிட்ட அட்டைகளுள் ஓனசு வாக்னர் என்னும் அடிப்பந்தாட்ட வீரரின் அட்டை மிக அரிதானது. அதன் படி ஒன்று 2022 இல் 72.5 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. அதே அட்டையின் மறுபதிப்புகளோ மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. விலையில் இத்தகைய இடைவெளி இருக்கும்போது, "மறுபதிப்பு" என்ற ஒரு சொல்லைச் சுரண்டி அழிப்பதே ஏமாற்றுவதற்குப் போதுமானதாகின்றது.

இதனைத் தடுக்க, பொறுப்புள்ள நகலாக்குநர்கள் சில வழிகளைக் கையாளுகின்றனர். நகல் என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் ஒட்டுமடிப்பின் உட்புறத்தில் அச்சிடல், அளவைச் சற்றே மாற்றுதல், ஒரு சிறு விவரத்தை வேண்டுமென்றே வேறுபடுத்தல் ஆகியவை அவற்றுட் சில. குறியைத் தனியாக ஒட்டாமல், அகற்றினால் பெட்டியே சேதமடையும் இடத்தில் அச்சிடுவது சிறந்தது.

சட்டநிலை

பழைய பெட்டியாயினும் அதன் பெயரும் சின்னமும் பதிவுபெற்ற வணிகக் குறிகளாக நீடிக்கலாம். இந்திய வணிகக் குறிகள் சட்டம், 1999 இவற்றைக் காக்கின்றது. பெட்டியிலுள்ள ஓவியத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம், 1957 பொருந்தும். இச்சட்டப்படி ஓவியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமைக் காலம் ஆகும்.

2003 ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், வருவாய் நோக்கில் இப்பொருட்களின் விளம்பரத்தைக் காட்சிப்படுத்துவதைத் தடைசெய்கின்றது. எச்சரிக்கைப் படம் பற்றிய விதிகள் புகையிலைப் பொருளின் பொதியைக் குறித்தவை. வெற்றுப் பெட்டி அத்தகைய பொருள் அன்று. எனினும், இன்றும் விற்பனையில் உள்ள ஒரு பெயரைத் தாங்கிய நகலைக் கடையில் அடுக்கி வைப்பது விளம்பரமாகக் கருதப்பட இடமுண்டு. இந்தியா 2004 இல் ஏற்புறுதி செய்த உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, சிறுவரைக் கவரும் வகையில் புகையிலைப் பொருட்களின் வடிவில் இனிப்புகள், விளையாட்டுப் பொருட்கள் முதலியவற்றைச் செய்து விற்பதைத் தடுக்கவும் வலியுறுத்துகின்றது.

நலவாழ்வு நோக்கு

பழைய பெட்டிகள் அழகாக இருப்பதற்கு ஒரு காரணம், அவற்றில் எச்சரிக்கைக்கு இடம் விடப்படாமையே ஆகும். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் விரிவான ஆய்வுகள் 1950 இல் வெளிவந்தன. இந்தியப் பெட்டிகளில் எச்சரிக்கை கட்டாயமாக அதன்பின் கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த இடைக்காலப் பெட்டியின் நகல், அக்காலத்தின் வடிவமைப்பை மட்டுமன்றி, அன்று வாங்குபவரிடம் சொல்லப்படாமல் விடப்பட்டதையும் சேர்த்தே காட்டுகின்றது. ஆதலால், கண்காட்சிகளில் இத்தகைய நகலை வைக்கும்போது அதன் காலத்தையும், எச்சரிக்கை இல்லாமைக்கான காரணத்தையும் விளக்கும் குறிப்பினை அருகில் இடுவது பார்வையாளருக்குப் பயன்தரும்.