பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்

தருமபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தாத்தாவோ பாட்டியோ பேரப்பிள்ளைகளோடு தனியே குடும்பம் நடத்துவதற்குப் பெரும்பாலும் பிழைப்பே காரணம். மானாவாரி நிலம் ஆண்டு முழுக்க வேலை தராது. கட்டட வேலைக்குப் பெங்களூரு, ஓசூர், பனியன் வேலைக்குத் திருப்பூர் என்று பெற்றோர் கிளம்பிவிட, படிப்பு கெடாமலிருக்கப் பிள்ளைகள் ஊரிலேயே தங்குகிறார்கள். பெற்றோரின் இறப்பாலோ பிரிவாலோ வந்து சேர்பவர்களும் உண்டு.

தொடக்கத்தில் பாட்டிதான் பேரனை வளர்க்கிறார். சில ஆண்டுகளில் பொறுப்பு கைமாறிவிடும். எப்போது மாறியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சர்க்கரை மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் பிடிப்பது, களி கிண்டுவது, உதவித்தொகை வாங்க வங்கிக்குக் கூட்டிப் போவது எல்லாம் பள்ளிப் பிள்ளையின் வேலையாகின்றன. குளிப்பாட்டுவதும் இரவில் எழுந்து பார்ப்பதும் பெரும்பாலும் பேத்தியின் தலையில்தான் விழும்.

இந்த மாவட்டத்தில் முதுமைக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதை மீறிய நீரை நெடுங்காலம் குடித்தால் பற்களில் கறை படியும். பின்னர் முதுகும் மூட்டுகளும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே இறுகிப்போன முழங்கால்களுக்கு அதனால் பயனில்லை. உட்கார்ந்தவர் எழுந்து நிற்கவே ஆள் துணை வேண்டியிருக்கிறது.

மருத்துவமனைக்குப் போகும் நாள் பள்ளிக்கு விடுப்பு. அதைவிடப் பெரிய இழப்பு, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் மனம் வீட்டில் இருப்பது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வெளியூர்க் கல்லூரி என்ற பேச்சே எழாது. பாட்டி கண்மூடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பேத்தியின் கல்யாணத்தை அவசரப்படுத்துவதும் நடக்கிறது.

அரசு உதவி இல்லாமல் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. 2025இல் வந்த தாயுமானவர் திட்டம் வயது முதிர்ந்தோர் வீட்டுக்கு ரேஷன் பொருள்களைக் கொண்டு சேர்க்கிறது. அதே ஆண்டின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் அது பெற்றோரை இழந்து ஆதரவற்ற பிள்ளைகளுக்கானது. பெற்றோர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. இத்திட்டங்கள் முதியவரையும் பார்க்கின்றன, குழந்தையையும் பார்க்கின்றன. முதியவரைக் கவனிக்கும் குழந்தைதான் கண்ணில் படுவதில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பேரப்பிள்ளைகளுக்குக் கடமை விதிக்கும்போது 18 வயது நிரம்பாதவர்களை விலக்கி வைக்கிறது. சட்டம் விலக்கியவர்கள்தான் நடைமுறையில் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி அமைப்பு விசாரித்தாக வேண்டும். பள்ளிக் கணக்கெடுப்பிலும் 2023 முதல் இவர்களைப் பற்றிய விவரம் கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவரின் விவரமும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்கெனவே பதிவாகிறது. வீட்டில் யாரைக் கவனித்துக்கொள்கிறாய் என்ற ஒரு கேள்வியை அதில் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.